குழந்தைக் கட்டிலுக்குள் கம்ஃபர்ட்டர்: எந்த வயதில், எந்த அளவில்?

'கம்ஃபர்ட்டர்' என்று கேட்டால் நம் ஊர்க் கடைக்காரர் பஞ்சு அடைத்த தடித்த ரஜாயை எடுத்து விரிப்பார். அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ குழந்தைப் பொருள்கள் விற்கும் கடையில் அதே சொல்லைச் சொன்னால், கைக்குட்டையைவிடச் சற்றே பெரிய, வழவழப்பான ஒரு சதுரத் துணியைக் காட்டுவார்கள்; அதன் நடுவில் முயலின் தலையோ கரடியின் தலையோ தைத்திருக்கும், மூலைகள் குழந்தை சப்புவதற்கு வாகாக முடிச்சிட்டிருக்கும். பழைய தலைமுறை ஆங்கிலேயர் சிலர் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானையும் இதே பெயரால் அழைத்தார்கள். இதனால், கம்ஃபர்ட்டரைக் குழந்தையின் கட்டிலில் வைக்கலாமா என்று இணையத்தில் தேடும் பெற்றோருக்கு மூன்று பொருள்களுக்கான விடைகளும் ஒன்றோடொன்று கலந்து வந்து சேர்கின்றன. ரஜாய்க்கு விடை எளிது: முதல் வயது முடியும்வரை அது குழந்தையின் கட்டில் பக்கமே வரக்கூடாது. சூப்பானைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்க்கலாம். விரிவாகப் பேச வேண்டியது அந்த முயலைப் பற்றித்தான், ஏனெனில் அதற்கான விடை குழந்தையின் வயதைப் பொறுத்து மாறுகிறது. போதாக்குறைக்கு நாட்டுக்கு நாடும் மாறுகிறது.

கட்டிலுக்குள் என்ன கிடக்கிறது என்று மருத்துவ உலகம் கூர்ந்து பார்க்கத் தொடங்கி ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. 1980களின் இறுதிவரை மேற்கு நாடுகள் பலவற்றில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று செவிலியர்களே சொல்லிக்கொடுத்தார்கள். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடந்த பெரிய ஆய்வு, குப்புறப் படுக்கவைத்தல், தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் கொடுக்காமை ஆகிய மூன்றும் 'சிட்ஸ்' என்னும் திடீர்ச் சிசு மரணத்தோடு தொடர்புடையவை என்று காட்டியது. அதைத் தொடர்ந்து 1991இல் நியூசிலாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும், 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லும் பரப்புரைகள் தொடங்கின. பிரிட்டனில் அப்போதிருந்து இன்றுவரை இத்தகைய மரணங்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துள்ளன. மருந்தோ ஊசியோ கருவியோ எதுவும் இல்லாமல், படுக்கவைக்கும் பக்கத்தை மாற்றியதால் கிடைத்த பலன் இது. குப்புறப் படுத்தல் என்ற பெரிய காரணம் விலகியதும், அதன் மறைவில் இருந்த மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன: தலையணை, மெத்தென்ற போர்வை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, துணிப் பொம்மை.

மெத்தென்ற ஒரு பொருள் குழந்தைக்கு ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு, துணி மூக்கை அடைத்து மூச்சு முட்டுகிறது என்பதே எல்லோரும் முதலில் சொல்லும் விளக்கம். அது உண்மைதான் என்றாலும் பாதி உண்மை. மூக்கை முழுவதும் அடைக்காத துணியும் தீங்கு செய்யக்கூடும் என்பதை 1991இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜேம்ஸ் கெம்ப், பிராட்லி தாக் ஆகிய இருவரும் காட்டினார்கள். தெர்மோகோல் மணிகள் நிரப்பிய குழந்தை மெத்தைகள் அப்போது அங்கே விற்பனையில் இருந்தன. அவற்றின்மேல் முகம் கவிழ்ந்த நிலையில் இறந்துகிடந்த குழந்தைகளைப் பற்றி அவர்கள் ஆராய்ந்தார்கள். குழந்தையின் முகம் பதிந்த பள்ளத்தில், அது வெளிவிட்ட காற்றே தேங்கி நின்று, அதையே அது மீண்டும் மீண்டும் உள்ளிழுத்திருக்கிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அறையின் காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடு அளவில்தான் இருக்கும்; நாம் வெளிவிடும் மூச்சில் அது 4 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், அதாவது நூறு மடங்கு. மூக்கின் முன்னால் ஒரு துணி மடிந்து கிடந்தால் அந்த மூச்சு கலைந்து போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும். ஒவ்வொரு இழுப்பிலும் ஆக்சிஜன் சற்றுக் குறைந்து கரியமில வாயு சற்றுக் கூடும். அந்த மெத்தைகளை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1992இல் தடை செய்தது.

இதே நிலை பெரியவருக்கு நேர்ந்தால், தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு வரும், தலை திரும்பும், கை துணியைத் தள்ளும். காலையில் அது நினைவில்கூட இருக்காது. நலமான குழந்தைகள் பெரும்பாலானவற்றின் மூளைத் தண்டும் இப்படித்தான் எச்சரிக்கை கொடுத்து எழுப்புகிறது. சில குழந்தைகளில் அந்த எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கிறது, அல்லது அடிப்பதே இல்லை. அது எந்தக் குழந்தை என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க இன்றுவரை எளிய சோதனை கிடையாது. ஃபிலியானோ, கின்னி ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது: உள்ளே ஒரு பலவீனம் உள்ள குழந்தை, வளர்ச்சியின் இக்கட்டான ஒரு பருவம், வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி ஆகிய மூன்றும் ஒரே இரவில் கூடும்போது மரணம் நேர்கிறது. முதலாவது நம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டாவதை யாராலும் தவிர்க்க முடியாது. மூன்றாவது மட்டுமே பெற்றோரின் கையில் இருக்கிறது. ஆயிரம் வீடுகளில் முயல் பொம்மையோடு தூங்கிய குழந்தைகள் எந்தக் குறையுமின்றி எழுந்திருக்கின்றன என்று யாராவது சொன்னால் அது பொய்யல்ல. தன் வீட்டுக் குழந்தை அந்த ஆயிரத்தில் ஒன்றா இல்லையா என்பது முன்கூட்டியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. திடீரென இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தலை மூடிய நிலையில் காணப்பட்டதாகவும், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட நலமான குழந்தைகளில் அப்படிக் காணப்பட்டவை நூற்றுக்கு மூன்று அளவே என்றும் அது கணக்கிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கணக்கு முக்கியமாகப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் பற்றியது, முயல் தலை தைத்த சிறு துணியைத் தனியாக வைத்து அளந்தது அல்ல. கம்ஃபர்ட்டரைப் பற்றிய எச்சரிக்கை, அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு துணி என்ற முறையில் வருகிறது. அந்த நீட்டிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பச்சைக் குழந்தையின் முகம் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; அதை மூடுவதற்கு ரஜாய் வேண்டியதில்லை, கைக்குட்டை அளவுத் துணியே போதும்.

வயதுக் கணக்கில் பெற்றோர் பலர் தலைகீழாக ஏமாறுகிறார்கள். பிறந்த சில வாரங்களில் குழந்தை வைத்த இடத்தில் கிடக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு பொம்மை இருந்தால் என்ன என்று தோன்றும். நான்கைந்து மாதத்தில் புரளத் தொடங்கியதும், இனிமேல் தானே நகர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை வரும். அமெரிக்காவின் 24 மாநிலங்களில் 2004 முதல் 2012 வரை உறக்கத்தில் நேர்ந்த 8,207 சிசு மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரியவர்களோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்திருப்பது முன்னணியில் நின்றது. நான்கு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தைகளில், போர்வை, துணிப் பொம்மை போன்றவை கிடந்த இடத்தில் புரண்டு குப்புற விழுந்திருப்பது முன்னணிக்கு வந்தது. ஆகவே புரளத் தெரிந்த குழந்தைக்குக் கட்டிலில் கிடக்கும் பொருளால் வரும் ஆபத்துக் குறைவதில்லை; பொருள் இருக்கும் இடத்துக்கு அதுவே தேடிப் போகிறது.

கைகளின் வளர்ச்சியும் இங்கே முக்கியம். மூன்று மாதக் குழந்தையின் கையில் ஒரு துணி நுனியைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் கையோடு துணியும் வாய்க்குப் போய்விடும். அதைக் கண்டு, குழந்தைக்கு முயலை எவ்வளவு பிடித்திருக்கிறது பாருங்கள் என்று வீட்டார் மகிழ்வார்கள். நினைத்தபோது விரலைப் பிரித்து, பிடித்ததை விடுவிக்கும் திறன் ஒன்பது பத்து மாதத்தை ஒட்டித்தான் வருகிறது. பிடிக்கத் தெரிந்து, விடத் தெரியாத இடைப்பட்ட மாதங்களில் முகத்தின்மேல் வந்து விழுந்த துணியைக் குழந்தை விலக்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

நாடுகளின் அறிவுரைகள் எந்த இடத்தில் கோடு போடுகின்றன என்பதில் வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் மென்மையான பொருள்கள் எவையும் உறங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. அதன் வழிகாட்டுதல்கள் முதல் வயது முழுவதற்கும் உரியவை. அந்த நாட்டில் உறக்கத்தின்போது நேரும் சிசு மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கண்டிப்பு புரியும். பிரிட்டனின் லல்லபி டிரஸ்ட் அமைப்பும் 12 மாதம் வரை கட்டில் வெறுமையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் ரெட் நோஸ் அமைப்போ, துணிப் பொம்மைகளை 7 மாதத்துக்கு முன் கட்டிலில் வைக்கக்கூடாது என்று கோடு போடுகிறது. அதற்குப் பிறகு, கவனத்தோடு, சிறிய ஒன்றை அனுமதிக்க இடம் தருகிறது. இதை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியர் அசட்டையானவர்கள், அமெரிக்கர் அளவுக்கு மீறி அஞ்சுபவர்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. திடீர்ச் சிசு மரணங்களில் சுமார் 90 விழுக்காடு முதல் ஆறு மாதத்துக்குள் நிகழ்ந்துவிடுகின்றன, இரண்டு முதல் நான்கு மாதங்களில்தான் உச்சம். ஏழு மாதம் என்ற கோடு அந்த உச்சம் தாண்டிய பின் வருகிறது. பன்னிரண்டு மாதம் என்ற கோடு, மீதமுள்ள 10 விழுக்காட்டையும் மூச்சுத்திணறல் விபத்துகளையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கிறது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே தெரிவு செய்யச் சொன்னால் நான் பன்னிரண்டையே சொல்வேன். ஏழு மாதத்துக்கு முன்பு என்ற பேச்சுக்கு இரு தரப்பிலும் இடமே இல்லை என்பதுதான் இந்த வேறுபாட்டைவிடப் பெரிய செய்தி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த மாதங்களைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுவதா, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவதா என்பதை அதன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புரள்வதும் பிடிப்பதும் பெரும்பாலும் பின்னதை ஒட்டித்தான் வருகின்றன.

அதுவரை குழந்தையின் ஆறுதலைப் பறிப்பது கொடுமை அல்லவா என்ற கேள்வி எழும். இதற்கு விடை சொல்ல டொனால்ட் வின்னிகாட் உதவுவார். லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த அவர், குழந்தை தன்னுடையது என்று பற்றிக்கொள்ளும் முதல் துணியையும் பொம்மையையும் பற்றி 1951இல் ஓர் உரை நிகழ்த்தினார். தாயும் தானும் ஒன்று என்ற நிலையிலிருந்து தாய் வேறு தான் வேறு என்ற நிலைக்குக் குழந்தை நகரும்போது, அந்த இடைவெளியில் பிடிமானமாக அந்தத் துணி நிற்கிறது என்பது அவருடைய விளக்கம். இந்தப் பற்று அநேகமாக நான்கு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் தோன்றத் தொடங்கும் என்று அவர் கணித்தார். பிரிவுக்கு அஞ்சி அழும் பழக்கம் வெளிப்படையாகத் தெரிவதும் எட்டு மாதத்தை ஒட்டித்தான். ஆக, இரண்டு மாதக் குழந்தையின் கட்டிலில் வைத்த முயல் குழந்தைக்கு ஆறுதல் தருவதில்லை, வாங்கிக்கொடுத்த அத்தைக்குத்தான் தருகிறது. அந்த வயதில் குழந்தைக்கு வேண்டிய ஆறுதல் தாயின் வாசனையும் தகப்பனின் தோளும் பசியாறிய வயிறும். முயலுக்கு வேலை வரும் காலத்தில் அதைக் கையாளும் கைகளும் ஏறக்குறைய தயாராகிவிட்டிருக்கும். காத்திருப்பதால் குழந்தை இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை.

பழக்க விரும்பும் பெற்றோர் கட்டிலுக்கு வெளியே முன்கூட்டியே தொடங்கலாம். பால் குடிக்கும்போதும், மடியில் கதை கேட்கும்போதும், பெரியவர் யாராவது விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் துணி குழந்தையின் கையில் இருக்கட்டும். கண் செருகியதும் எடுத்துவிட வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கி முறைவைத்துத் துவைத்து இரண்டையும் ஒரே அளவுக்குப் பழசாக்கிக்கொள்வது அனுபவசாலிகளின் தந்திரம், ஏனெனில் பேருந்தில் தொலைந்துபோன முயலுக்குப் பதிலாகப் புத்தம்புது முயலைக் கொடுத்தால் குழந்தை ஒரு கணத்தில் மோசடியைக் கண்டுபிடித்துவிடும். துணி சிறியதாக, எடையற்றதாக இருக்க வேண்டும்; தலையை முழுதாகச் சுற்றிக்கொள்ளும் அகலம் கூடாது. கண்ணும் மூக்கும் நூலால் தைத்திருக்க வேண்டும், பொத்தானாகவோ பிளாஸ்டிக் மணியாகவோ இருக்கக் கூடாது. நீண்ட நாடாவும் ரிப்பனும் கழுத்தில் சுற்றும். விழுங்கி அடைத்துக்கொள்ளும் சிறு துண்டுகளைக் கண்டறியப் பொம்மைச் சோதனைக்கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். எந்தத் துண்டு அதற்குள் முழுதாக விழுகிறதோ அது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டில் உருளை கிடைக்காது. முயலின் காதையும் மூக்கையும் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் இழுத்துப் பார்க்கலாம், தையல் விட்டிருந்தால் அன்றே ஓய்வு கொடுத்துவிடலாம்.

'காற்றோட்டமுள்ள துணி' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி விதியைத் தளர்த்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைக் கட்டிலின் ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்புகளின் கதை இதற்கு நல்ல பாடம். ஒரு காலத்தில் கட்டிலின் சட்டங்களுக்கு இடையே குழந்தையின் தலை புகுந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தடுப்புகள் அதற்குத் தீர்வாக வந்தன. 1970களில் அமெரிக்கா அந்த இடைவெளியை 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதித்த பிறகு தடுப்புக்கு வேலையே இல்லாமல் போனது. ஆனால் விற்பனை தொடர்ந்தது, காரணம் அழகு. முன்பு சொன்ன அதே பிராட்லி தாக், 1985 முதல் 2005 வரையிலான பதிவுகளில் இந்தத் தடுப்புகளால் நேர்ந்த 27 மரணங்களை எடுத்துக்காட்டி 2007இல் எழுதினார். அமெரிக்கா நாடு முழுவதும் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது 2022இல். தேவை போன பின்னும் ஒரு பொருள் அரை நூற்றாண்டு கடையில் நிற்க முடியும் என்றால், கடையில் விற்கிறார்களே என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

முயலை எடுத்துவிட்டு மெத்தையை மறந்துவிடுவதும் அரைகுறை வேலைதான். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஒரு வீட்டுச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். பன்னிரண்டு சி.டி.க்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குழந்தையின் தலை வரும் இடத்தில் மெத்தைமேல் வைக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் நிரம்பிய சதுரப் பெட்டி ஒன்றை அதன்மேல் கிடையாகப் படுக்கவைத்து, பெட்டியின் ஒரு முனை அடுக்கின் விளிம்பைத் தாண்டி 4 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி நகர்த்த வேண்டும். அதன்மேல் இன்னொரு பெட்டி. நீட்டிக்கொண்டிருக்கும் முனை மெத்தையைத் தொட்டுவிட்டால், சி.டி. அடுக்கு அந்த அளவுக்கு அமுங்கிவிட்டது என்று பொருள். குழந்தையின் முகமும் அப்படித்தான் புதையும். இதே தத்துவம்தான் 2013இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வெளியிட்ட தரக்குறிப்பிலும் இருக்கிறது. சி.டி. இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி நேராக வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. மெல்பேர்னிலோ லண்டனிலோ பிள்ளைபெற்ற மகளுக்கு உதவியாக விமானம் ஏறும் அம்மாவின் பெட்டியில், கொசுவலையோடு கூடிய மெத்தை, கடுகு அடைத்த தலையணை, இரண்டு பக்கமும் அணைக்கிற உருளைத் தலையணைகள் என ஒரு முழுத் தொகுதி போகும். தலை உருண்டையாக வர வேண்டும் என்பதற்காகக் கடுகுத் தலையணை. குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு எழாமல் இருப்பதற்காகப் பக்கத் தலையணைகள். இரண்டுக்குப் பின்னாலும் அன்பு இருக்கிறது, தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வரும் செவிலியர் முதலில் எடுக்கச் சொல்வதும் அவற்றைத்தான். இந்தச் சங்கடத்தில் மகள் அம்மாவோடு வழக்காடுவதைவிட, அவற்றைக் குழந்தை விழித்திருக்கும் நேரத்துக்கு ஒதுக்கிக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்றது: வரவேற்பறையில் விரிப்பின்மேல், பாட்டியின் கண் முன்னால், கவிழ்ந்து விளையாடும் குழந்தைக்கு மார்பின் கீழ் அந்த உருளை நல்ல துணை. தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்கவும் இந்தக் கவிழ்ந்த விளையாட்டு உதவும். குளிருக்கு அஞ்சும் பாட்டிக்கு, தோளில் பொத்தானிட்டு மாட்டும் தூக்கப் பையைக் காட்டலாம். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது பிரிட்டன் சொல்லும் அளவு. எடை கூட்டிய தூக்கப் பைகளை மட்டும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வேண்டாம் என்கிறது.

சூப்பான் விஷயத்தில் அறிவுரை எதிர்ப்பக்கம் சாய்கிறது. உறங்கப்போகும்போது அதைக் கொடுப்பது திடீர்ச் சிசு மரண ஆபத்தைக் குறைப்பதோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன; தூக்கத்தில் அது வாயிலிருந்து நழுவினாலும் அந்தப் பலன் தொடர்கிறது. தாய்ப்பால் நன்றாகப் பழகிய பின் தொடங்கலாம் என்பதே பொதுவான பரிந்துரை. ஆனால் சூப்பானின் முனையில் குட்டி யானையைத் தைத்து விற்கும் வகை, நல்ல பொருளோடு வேண்டாத பொருளை ஒட்டவைத்த வேலை. இரவில் அந்த யானை கழன்று வருமென்றால் கழற்றிவிட்டு, வராதென்றால் வேறு சூப்பானைக் கொடுக்க வேண்டும். உடையில் மாட்டும் கயிறும் கிளிப்பும் தூங்கும் நேரத்துக்கு ஆகாதவை.

ஒரு வயது தாண்டியதும் முயல் முறைப்படி கட்டிலுக்குள் குடியேறலாம். அப்போதும் ஒன்று போதும். பிறந்தநாளுக்கு வந்த பெரிய கரடியையும் யானையையும் சேர்த்து அடுக்கினால் வேறு வகை விபத்து காத்திருக்கும்: நிற்கப் பழகிய குழந்தை அவற்றை மூலையில் குவித்து, மேலே ஏறி நின்று, கம்பியைத் தாண்டிக் காலை வைக்கப் பார்க்கும்.